தண்ணிக்காரன் வீட்டு ஆர்க்கிட்

போன மாதம் நிவேதா என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் டேங்க் ஆபரேட்டர். முப்பத்தொரு வருஷம் நான் கையால் திருகிய வால்வுகளுக்கு மோட்டார் பொருத்தப் போகிறார்களாம். இனிமேல் போனில் தட்டினால் திறக்குமாம், தட்டினால் மூடுமாம். அதற்கு முன்னால் எந்த வால்வு எத்தனை சுற்று, எந்தத் தெருமுனையில் குழாய் எப்படி வளைகிறது என்று என் மண்டைக்குள் கிடப்பதை நோட்டில் இறக்கிக்கொள்ள வந்தாள். வைத்த டீ ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது கேட்டாள்:

“அண்ணே, உங்க சர்வீஸ்லயே கண்டுபுடிக்க ரொம்பக் கஷ்டப்பட்ட லீக்கு எது?”

“தோ, அந்த ஜன்னல்ல இருந்துச்சு,” என்றேன். “ஒரு பூந்தொட்டிக்குள்ள.”

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கிண்டல் இல்லை. முழுசாகச் சொல்ல அன்றைக்கு நேரமில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் வேலைக்கு வந்த கதையில் ஒன்றும் இல்லை. ஃபிட்டர் படித்தேன், தினக்கூலியாகக் குழி தோண்டினேன், நிரந்தரம் ஆனேன். வேலை என்றால் வால்வைத் திறப்பது, மூடுவது, பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து டேங்கில் ஊற்றுவது, அப்புறம் திட்டு வாங்குவது. தண்ணீர் வந்தால் சாமிக்குக் கும்பிடு, வராவிட்டால் “ஏழுமலை எங்க?” என்பார்கள். ஏழுமலை நான்தான். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரும் தெரியாது, தண்ணிக்காரர் என்றால்தான் தெரியும்.

வால்வு திறப்பதில் ஒரு பதம் இருக்கிறது. அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருகினால் தண்ணீர் ஓடிப்போய்க் குழாயின் கடைசியில் மோதும். பழைய குழாய் என்றால் நடுவில் எங்காவது பிளந்துகொள்ளும். கால் சுற்று திருகி, நின்று, காது கொடுத்து, சலசலப்பு அடங்கிய பிறகுதான் அடுத்த கால் சுற்று. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இரண்டு குழாயை உடைத்துத் தெரிந்துகொண்டேன்.

சுகந்தி மேடம் எங்களுக்குப் பொறியாளராக வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருஷம் முன்னால். கூடலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், தனியாக வாடகை வீட்டில் இருந்தார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை. வந்த முதல் வாரம், அன்றாட வேலையைக் குறித்து வைக்கும் எங்கள் லாக் புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘நினைத்தது’.

“ரெண்டையும் கலக்காதீங்க ஏழுமலை. கலந்தா எது எதுன்னு அப்புறம் தெரியாது,” என்றார்.

அறிவாளிப் பொம்பளை, நமக்கென்ன என்று எழுதிவந்தேன். சித்திரை மாதம் அதன் அருமை தெரிந்தது. ஒரு தெருவின் கடைசி எட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. குடத்தோடு பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மூலையில் லாரி ஏறி இறங்குகிற இடத்தில் குழாய் உடைந்திருக்கும் என்று அடித்துச் சொன்னேன். மூன்று குழி வெட்டினோம். மூன்றும் காய்ந்த குழி. மேடம் வந்தார், புத்தகத்தைத் திறந்தார். இடது பக்கம் வெள்ளையாக இருந்தது.

“மூலையில உடைஞ்சிருக்குன்னு எங்க பாத்தீங்க?”

“லாரி போற எடம் மேடம், அங்கதான் உடையும்.”

“அது வலது பக்கம்.”

மறுநாள் விடிவதற்குள் இரும்புக் கம்பியோடு வந்துவிட்டார். கம்பியின் ஒரு முனையைக் குழாய் மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது எங்கள் முறை. உடைந்த இடம் அருகில் வர வர உஸ் என்ற சத்தம் கூடும். டீக்கடை பாய்லர் பற்றவைக்கும் முன்னால் தெருவை முடித்தாக வேண்டும், அப்புறம் ஒன்றும் கேட்காது. அவர் கேட்டதைவிடப் பார்த்ததுதான் அதிகம். ஊரே காய்ந்து கிடந்த அந்த நாளில், ஒரு வீட்டுச் சுவரோரம் மட்டும் குப்பைக்கீரை தளதளவென்று நின்றது. அங்கே கம்பியை ஊன்றினார், என்னைக் கூப்பிட்டுக் காது வைக்கச் சொன்னார். உஸ்ஸென்று கேட்டது. வருஷக்கணக்காக அந்தக் கீரையைத் தாண்டித்தான் சைக்கிளில் போயிருக்கிறேன்.

அப்படிப்பட்டவருக்கு மார்பில் கட்டி வந்தது. மாசி மாதம் மருத்துவ விடுப்பில் மெட்ராஸ் கிளம்பினார். ஆபரேஷன், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஊசி. கிளம்பும் நாள் ஒரு பீங்கான் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜாடிக்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் நாக்கு மாதிரி தடித்த ஐந்து இலைகளோடு ஒரு செடி. வளைந்த காம்பில் வெள்ளையாக ஏழு பூ. எனக்கு அது காகிதப் பூ போலத்தான் பட்டது.

“ஆர்க்கிட். ஊர்லேர்ந்து மடியிலயே கொண்டாந்தது. வாரம் ஒரு டம்ளர் தண்ணி, ஜன்னலோரம், நேர் வெயில் வேணாம். வேற ஒண்ணும் செய்யாதீங்க. ஆசைப்பட்டும் ஒண்ணும் செய்யாதீங்க,” என்றார்.

நானும் அப்படியே செய்தேன். ஞாயிறு தோறும் ஒரு டம்ளர், அளந்து. அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. ஆனாலும் மூன்றாவது வாரம் பூக்கள் ஒவ்வொன்றாகக் கொட்டின. பங்குனியில் கீழ் இலை மஞ்சளாகி விழுந்தது. அடுத்த இலை அப்பளம் நனைந்த மாதிரி துவண்டது.

மேடம் வாரம் ஒருமுறை போன் செய்வார். முதலில் டேங்க் மட்டம், பிறகு மோட்டார், கடைசியாகச் செடி.

“ஜோரா இருக்குது மேடம்,” என்பேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம்தான். வேலை போகிற பயம் இல்லை. இந்தச் செடி செத்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு எண்ணம் உட்கார்ந்துகொண்டது. முப்பது வருஷம் ஊருக்கு பிளீச்சிங் போட்டவன், மூடநம்பிக்கை கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன், காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்கும் முன் அந்தச் செடியைப் பார்த்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

என் வீட்டுக்காரி தனலட்சுமி ஒரு யோசனை சொன்னாள். “பாண்டிச்சேரில நர்சரி இருக்குது. அதே மாதிரி ஒண்ணு வாங்கியாந்து வச்சிட்டா அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?”

“அவங்களுக்கா? கீரையப் பாத்துக் கொழாய் ஒடஞ்சதக் கண்டுபுடிச்சவங்கடி.”

ஒரு நாள் மேடம் போட்டோ கேட்டார். செடி வந்த அன்றைக்கு எடுத்தது ஒன்று போனில் இருந்தது. அதை அனுப்பிவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியோடு டேங்குக்குக் கிளம்பினேன். பாதி வழியில் போன் வந்தது.

“ஏழுமலை, நான் குடுக்கும்போதே அந்தப் பூ மலர்ந்து ரெண்டு மாசம். இன்னும் ஏழும் எப்படி நிக்குது?”

சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

“இங்க டாக்டர் என் தம்பிகிட்டத் தனியாப் பேசுறாரு. தம்பி வெளிய வந்து ‘எல்லாம் சரியாயிடும்க்கா’ங்குறான். பாக்க வர்றவங்க எல்லாம் ‘நல்லா இருக்கீங்க’ங்குறாங்க. ஒருத்தர் சொல்றதயும் நம்ப முடியல. நீங்களுமா?”

அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. “தப்புதான் மேடம். மூணு எலதான் இருக்குது. ஒண்ணு தொவண்டு போச்சு. பூ ஒண்ணுமில்ல,” என்றேன். தண்ணீரும் மூன்று பிழை பொறுக்கும் என்பார்கள். அவர் ஒன்றோடு பொறுத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் வழக்கமான குரலில் சொன்னார்:

“சரி. இது உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான். போய் ஜாடியத் தூக்கிப் பாருங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க.”

வீட்டுக்குத் திரும்பித் தூக்கினேன். கனத்தது. தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தின் கனம் என் கைக்குத் தெரியாதா? பிளாஸ்டிக் தொட்டியை வெளியே எடுத்தேன். அடியில் ஓட்டையே இல்லாத அந்தப் பீங்கான் ஜாடியில் பாதிக்குத் தண்ணீர். சாக்கடை மாதிரி ஒரு வாடை.

இங்கேதான் எனக்குச் செடியைவிடத் தண்ணீர் மேல் ஆர்வம் வந்துவிட்டது. தண்ணீர் காணாமல் போனால் தேடிப் பிடிப்பது என் தொழில். விடாத தண்ணீர் வந்து சேர்ந்தால் எங்கே போய்த் தேடுவது? கூரையைப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஜன்னல் கட்டையைத் தடவிப் பார்த்தேன், தூசிதான். ஜாடியைத் துடைத்து வைத்துவிட்டு, என் ஞாயிற்றுக்கிழமை டம்ளரையும் நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் உள்ளே ஒரு குச்சியை விட்டு அளந்து எழுதினேன். ஞாயிறு இல்லை. திங்கள் ஏறியிருந்தது. செவ்வாய் இல்லை. புதன் ஏறியிருந்தது. வெள்ளியும் ஏறியிருந்தது.

திங்கள், புதன், வெள்ளி எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாட்கள். விடுகிறவன் நான். நான் அங்கே வால்வைத் திருகினால் இங்கே ஜாடி நிரம்புகிறது! அந்த நினைப்பை அப்படியே வலது பக்கத்தில் எழுதி வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

அடுத்த திங்கள் வால்வுக்குக் கூட வேலை செய்கிறவரை அனுப்பிவிட்டு, நான் அறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஆறு மணிக்குக் குழாயில் காற்று சீறியது. தண்ணீர் வந்தது. தனலட்சுமி முதலில் வாசல் தெளித்தாள். பிறகு அடுக்களையிலிருந்து வெள்ளிக்கிழமை பிடித்து வைத்த தண்ணீரைக் குடம் குடமாக வெளியே கொண்டுவந்தாள். புதுத் தண்ணீர் வந்தால் பழைய தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கீழே கொட்டவும் கூடாது, செடிக்குத்தான் ஊற்ற வேண்டும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். கறிவேப்பிலைக்கு ஒரு குடம், முருங்கைக்கு ஒரு குடம், செம்பருத்திக்கு அரைக் குடம். கடைசியில் சொம்போடு ஜன்னல் பக்கம் வந்து, ஆர்க்கிட்டின் தலையில் மெதுவாக ஊற்றினாள். ஊற்றிவிட்டு இலையைத் தடவியும் கொடுத்தாள்.

“ஏ தனம்! இன்னா செய்யுற?”

பயந்து போய்ச் சொம்பைப் போட்டுவிட்டாள். “இன்னாங்க, வூட்லயா இருக்கீங்க! தண்ணி ஊத்துறேன், வேற இன்னா? பாவம், வாடிக் கெடக்குது. நீங்க வாரத்துக்கு ஒரு டம்ளர் ஊத்துனா போதுமா? தண்ணிக்காரன் பொண்டாட்டி செடியக் காயப்போட்டுக் கொன்னான்னு ஊரு பேசாதா?”

செடி வாட வாட அவள் அதிகமாக ஊற்றியிருக்கிறாள். அதிகமாக ஊற்ற ஊற்ற அது வாடியிருக்கிறது. முப்பது வருஷமாக விடியற்காலையில் நான் வால்வுக் குழியில் இருந்தேன், என் வீட்டில் தண்ணீர் வரும்போது என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளிடம் வேரைக் காட்டினேன். நல்ல வேர் வெள்ளி நிறத்தில் தடித்து இருக்க வேண்டும் என்று மேடம் பிறகு சொன்னார். எங்களுடையது பழுப்பாக, விரலால் நசுக்கினால் தோல் உரிந்து நூலாக வந்தது. தனலட்சுமி சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “நல்லதுன்னுதான ஊத்துனேன்,” என்றாள். நான் திட்டவில்லை.

மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன், போனை ஸ்பீக்கரில் போட்டு தனலட்சுமி பிடித்துக்கொண்டாள். புது பிளேடை அடுப்பு நெருப்பில் காட்டி, அழுகின வேரையெல்லாம் நறுக்கினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அழுகல் பிளேடு வழியாகவே நல்ல வேருக்கும் போய்விடும். வெட்டின வாயில் மட்டும் லவங்கப்பட்டைத் தூள், அழுகல் திரும்ப வராமல் இருக்க. இலையில் படக் கூடாது.

“எத்தன வேர் மிச்சம்?”

“ரெண்டு மேடம். அதுல ஒண்ணு பாதிதான்.”

“ம். மேல செய்யுங்க.”

ஒரு நாள் முழுக்கக் காற்றில் காயவிட்டேன். பிறகு அடுப்புக்கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு போட்டு, சுற்றிலும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நிறுத்தினேன். மண் ஒரு பிடிகூடக் கிடையாது. மண்ணில்லாமல் ஒரு செடி நிற்கும் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. இது காட்டில் மரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றிலேயே வேர் விட்டு வாழ்கிற செடியாம். தண்ணீர் பட வேண்டும், ஆனால் தங்கக் கூடாது.

எந்தத் தண்ணீர் என்று அடுத்த கேள்வி. எங்கள் போர்வெல் தண்ணீரை இரண்டு வாரம் ஒரே பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும். அந்த உப்பு இந்த வேருக்கு ஆகாது. ஆபீஸில் உப்பு அளக்கிற மீட்டர் இருந்தது. ஊரிலுள்ள தண்ணீரையெல்லாம் அளந்து பார்த்தேன், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் பஜாரில் ஒரு மருந்துக் கடை ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் மீட்டர் முள் அசையவே இல்லை. முப்பது வருஷம் ஊருக்குத் தண்ணீர் விட்டவன், பாட்டிலை வைத்துக்கொண்டு அந்தக் கடை வாசலில் சொட்டு பிடித்தேன்.

வைகாசி வந்தது. ஊரை ஒட்டி நிற்கும் ராஜகிரி மலை பகலெல்லாம் வாங்கின சூட்டை விடியும் வரை கக்கும் மாதம். செடியை எங்கே வைப்பது என்று வீடெல்லாம் கையை நீட்டிப் பார்த்தேன். மண்பானைக்குப் பக்கத்தில்தான் காற்று குளிர்ந்திருந்தது, பானை கசிகிற ஈரம். அங்கே வைத்தேன். அதைக் கண்டுபிடித்தது தனலட்சுமி என்று அவள் சொல்கிறாள். இருக்கட்டும்.

ஞாயிறு தோறும் உண்மையான போட்டோ அனுப்பினேன். ‘மூன்றாவது இலையும் விழுந்தது. இரண்டுதான்.’ ‘மாற்றம் இல்லை.’ ‘மாற்றம் இல்லை.’ அவரும் பதிலுக்கு எழுத ஆரம்பித்தார். ‘இன்றைக்கு மூன்று தடவை வாந்தி.’ ‘முடி எல்லாம் கொட்டிவிட்டது.’ ‘டாக்டரை என்னிடமே நேராகச் சொல்லச் சொன்னேன். பாதிக்குப் பாதி என்றார்.’ அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பம்ப் ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். ‘படித்தேன் மேடம்’ என்று மட்டும் போட்டேன்.

ஆடி பிறந்து சில நாளில், இலைக்கும் தண்டுக்கும் நடுவில் பச்சையாக ஒரு முளை தெரிந்தது. இது வேரா, பூக்காம்பா, புது இலையா? எனக்கு ஒரு கட்சி, தனலட்சுமிக்கு ஒரு கட்சி. அவள் பூ என்றாள். தினமும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஐந்தாம் நாள் அது கீழ்நோக்கித் திரும்பியது. மேலெல்லாம் வெள்ளி நிறம், நுனி மட்டும் பச்சை. போட்டோ அனுப்பினேன், அவராக ஏதாவது சொல்லட்டும் என்று ஒன்றும் எழுதவில்லை.

“வேர்,” என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று வந்தது: “தனலட்சுமிகிட்டச் சொல்லுங்க.”

புரட்டாசியில் அவர் திரும்பி வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதியாகக் கரைந்திருந்தார், தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். செடியைப் பானையோரத்திலிருந்து எடுத்து முன்னால் வைத்தேன். புதிதாக விட்ட ஒன்றோடு மூன்று இலை, நான்கு வேர், பூ கிடையாது. தொடாமல், விரலை மட்டும் நீட்டி நீட்டி எண்ணினார்.

“இது இனிமே பொழைச்சிக்குமா மேடம்?”

“தெரியல. இன்னைக்கு நல்லா இருக்கு.”

தனலட்சுமி காபி கொண்டுவந்தாள். தலைத்துணியைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டு, “நீங்க அப்படியே இருக்கீங்கம்மா, கொஞ்சங்கூட மாறல,” என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டாள். மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் துணியின் முடிச்சை அவிழ்த்தார்.

“எல்லாரும் என் தலையைத் தவிர மத்த எல்லாத்தையும் பாத்துப் பேசுறாங்க. நானும் கண்ணாடி பாக்குறதில்ல, தைரியம் வரல. நீங்க பாத்துச் சொல்லுங்க ஏழுமலை. வருதா?”

நான் அப்படி நிமிர்ந்து அவரைப் பார்த்ததே இல்லை. எழுந்து பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தது, துடைத்துவிட்டுத்தான் பார்க்க முடிந்தது.

“வருது மேடம். தல பூரா வருது.”

“கறுப்பா?”

“கறுப்பாத்தான்...” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல மேடம். முக்காவாசி நரை.”

அவர் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. என்னவோ ஏதோ என்று தனலட்சுமி கரண்டியோடு அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

“அப்போ வருதுன்னு சொன்னது நெஜந்தான்,” என்றார் மேடம்.